வீடு கட்டுவோரின் மனச்சாட்சி



வீடு கட்டத் தொடங்கும் எவரும் மேஸ்திரியிடம் மூன்று காரியம் கேட்பது வழக்கம். வேலை சீக்கிரம் முடிய வேண்டும். செலவு கட்டுக்குள் நிற்க வேண்டும். கட்டடம் உறுதியாயிருக்க வேண்டும். மூன்றும் நியாயமான ஆசைகளே. ஆனால் தை மாதத்தில் வீடு மந்திரிக்க நாள் குறித்தாயிற்று, கையிருப்போ கார்த்திகையிலேயே கரைந்துவிட்டது என்னும்போது, எதை விட்டுக்கொடுப்பது?

பெரும்பாலும் உறுதியையே விட்டுக்கொடுக்கிறோம். நாள் தவறினால் உறவினர் கேட்பார்கள். பணம் தீர்ந்தால் கடன்காரர் கேட்பார். உறுதி குறைந்ததை அன்றைக்குக் கேட்பார் எவருமில்லை. கான்கிரீட் தளத்தைச் சாதாரண சிமெண்ட் எனில் குறைந்தது 7 நாளும், கலப்பு சிமெண்ட் எனில் 10 நாளும் ஈரம் காயாமல் காக்க வேண்டும் என்பது விதி. மூன்றாம் நாளே நிறுத்திவிட்டாலும் மேற்பூச்சு அதை மறைத்துவிடும்.

விளைவைச் சுமப்பவர் வேறொருவர். 2019 டிசம்பர் 2-ஆம் தேதி அதிகாலை, மேட்டுப்பாளையம் நடூரில் பெருமழையில் ஒரு சுற்றுச்சுவர் இடிந்து, பக்கத்து வீடுகளின்மேல் விழுந்து 17 பேர் மாண்டார்கள். அச்சுவர் அவர்கள் கட்டியதன்று.

நம் நாட்களும் நம் பணமும் நம்முடையவை. அவற்றை நாம் விட்டுக்கொடுக்கலாம். சுவரின் உறுதியோ அதன் நிழலில் உறங்குகிறவர்களுக்கு உரியது. பிறர் உடைமையில் கைவைத்துச் சிக்கனம் செய்வது நீதியாகுமா? சாரத்தில் ஏறும் கொத்தனாரின் பாதுகாப்பும், சித்தாளின் கூலியும் அப்படியே.

"வாடகை ஒருபுறம், வட்டி ஒருபுறம், எத்தனை நாள் காத்திருப்பது?" என்பீர்கள். உண்மைதான், தாமதமும் குடும்பத்தை வாட்டும். அதற்கு வழி, அளவைக் குறைப்பது. மாடியைப் பிறகு எடுக்கலாம். முகப்பு அலங்காரம் காத்திருக்கலாம். நான்கு அறைக்குத் திட்டமிட்டவர் இரண்டை உறுதியாகக் கட்டிக் குடிபுகலாம். பெரும்பாலும் நம்மை நெருக்குவது தேவையன்று, ஊரார் கண்ணுக்குப் பெரிதாய்த் தோன்றும் ஆசையே.

நமது கொங்கு நாட்டில் 13-ஆம் நூற்றாண்டில் காலிங்கராயன் பவானியாற்றில் அணை கட்டி, நொய்யல் வரை சுமார் 90 கிலோமீட்டர் வாய்க்கால் வெட்டினான். 12 ஆண்டு வேலை நடந்ததென்பர். தன் குடும்ப நலனுக்கு வெட்டியதாகப் பழி வரலாகாதென்று அவன் ஊற்றுக்குளிக்குக் குடிபெயர்ந்தான் என்பது செவிவழிச் செய்தி. 700 ஆண்டுகளுக்குப் பின்னும் அந்நீர் வயல்களில் பாய்கிறது. அன்று பிறந்திராதவர்களின் பங்கை அவன் குறைக்கவில்லை.

கோபுரம் கட்ட நினைப்பவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டுமென்று சேசுநாதர் சுவாமி உவமை சொன்னார். அஸ்திவாரம் தோண்டுமுன் நீங்களும் குடும்பமாக உட்காருங்கள். நாளையும் பணத்தையும் எழுதும் தாளில், அந்தக் கூரையின்கீழ் உறங்கப்போகும் பேரப்பிள்ளைகளின் பங்கையும் எழுதிக்கொள்ளுங்கள்.