காரணமும் குற்றமும்

2019ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள், கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவின் மறுநாள் காலையில், தமிழகத்தின் பல பகுதிகளில் கதிரவன் ஓர் ஒளி வளையமாகத் தெரிந்தது. அன்று என் பங்கைச் சேர்ந்த ஓர் இளம்பெண், விருந்தினர் நிறைந்த வீட்டில், அரிவாள்மனையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் கருவுற்று அப்போது நான்கு வாரங்களே ஆகியிருந்தன. 2020 ஆகஸ்டில் குழந்தை பிறந்தது. வெளிச்சத்தைக் கண்டால் அது கண்களை இறுக மூடிக்கொண்டது. கண்பாவையைச் சுற்றி இருக்க வேண்டிய வண்ணத் திரை, அதாவது ஐரிஸ், இரு கண்களிலும் இல்லை என்றார் மருத்துவர். வானில் வளையம் தோன்றியதையும் கண்ணில் வளையம் தோன்றாததையும் வீட்டார் முடிச்சிட்டனர். கிரகணத்தில் அரிவாள்மனையைத் தொட்டாள் என்ற பழி அந்தத் தாயின் தலையில் விழுந்தது.

திருப்பலிக்கு நாள் தவறாமல் வரும் குடும்பம் அது. ஆயினும் நெருக்கடி நேரத்தில், திருமுழுக்குக்கு முந்தைய அச்சங்களே நம்முள் முதலில் பேசுகின்றன. அந்தப் பழியைக் களைவது என் கடமை என்று எண்ணினேன். நூல்களைப் புரட்டினேன், மருத்துவ நண்பர் ஒருவரிடம் கேட்டுத் தெளிந்தேன்.

நம் உடலின் ஒவ்வோர் உறுப்பும் தாயின் வயிற்றில் உருவாகும்போது, எந்த இடத்தில் எது தோன்ற வேண்டும் என்று ஏவும் மரபணுக்கள் சில உள்ளன. அவற்றுள் ஒரு பெருங்குடும்பத்திற்குப் பொதுவானதொரு பகுதி உண்டு. டி.என்.ஏ.வில் ஏறத்தாழ 180 எழுத்துகள் கொண்ட அப்பகுதிக்கு ஹோமியோபாக்ஸ் என்று பெயர். அது 60 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு புரதப் பகுதியை உருவாக்குகிறது. அப்புரதம் வேறு மரபணுக்களின்மீது சென்று பற்றி, அவற்றை எழுப்பவோ அடக்கவோ செய்கிறது. பழ ஈயை ஆராய்ந்தவர்கள் 1980களின் முற்பகுதியில் இதைக் கண்டறிந்தனர். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் வால்டர் கேரிங்கின் ஆய்வுக்கூடமும், அமெரிக்காவில் மாத்யூ ஸ்காட்டும் தனித்தனியே இதே முடிவை எட்டினர். ஈயில் கண்ட அப்பகுதி சுண்டெலியிலும் மனிதரிலும் இருக்கக் கண்டபோது அறிவியல் உலகம் வியந்தது.

கண்ணுக்குத் தலைமை ஏற்பது இக்குடும்பத்தைச் சேர்ந்த பாக்ஸ்-6 என்ற மரபணு. மனிதரில் அது 11ஆம் குரோமோசோமில் உள்ளது. கரு நான்காம் வாரத்தை எட்டும்போது, மூளையாகப் போகும் பகுதியின் இரு புறமும் சிறு குழிவுகள் தோன்றி, வெளிநோக்கிப் புடைத்து, மேல்தோலை நெருங்குகின்றன. அவ்விடத்தில் மேல்தோல் தடித்து விழிவில்லையாகிறது. புடைப்பு உட்குழிந்து விழித்திரையாகிறது. இவ்விரு பணிகளுக்கும் அந்த மரபணு வேண்டும்.

1995ஆம் ஆண்டு கேரிங்கின் குழுவினர் ஒரு சோதனையை வெளியிட்டனர். சுண்டெலியின் இந்த மரபணுவைப் பழ ஈயின் உடலில், கண் இருக்கக் கூடாத இடங்களில் இயங்கச் செய்தனர். ஈயின் காலிலும் இறக்கையிலும் கண்கள் தோன்றின. அவை சுண்டெலியின் கண்கள் அல்ல; ஈயின் கண்களே! ஆணை எங்கிருந்து வந்தாலும், அதைக் கேட்ட உடல் தன் இயல்புக்கு ஏற்பவே விடை சொன்னது. மரபணு தன்னந்தனியே மனிதரை எழுதிவிடுவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

இந்த மரபணு நம் ஒவ்வொருவரிடமும் இரு படிகளாக உள்ளது. ஒன்று தாய் தந்தது, மற்றொன்று தந்தை தந்தது. இவற்றுள் ஒன்று பழுதானால், புரதம் பாதியளவே கிடைக்கும். கண்ணுக்கு அந்தப் பாதி போதாது. ஐரிஸ் உருவாவதில்லை, விழித்திரையின் கூர்ந்து நோக்கும் மையமும் முழுமை பெறுவதில்லை. இரு படிகளுமே பழுதானால் கண்களே தோன்றா. மூளையும் பெரிதும் சிதைவதால் குழந்தை பிழைப்பது அரிது. இத்தகைய குழந்தைகளுள் ஏறத்தாழ மூன்றில் இருவருக்கு இது பெற்றோருள் ஒருவரிடமிருந்து வருகிறது. மற்றவர்களுக்கோ, பெரும்பாலும் விந்தணுவிலோ கருமுட்டையிலோ புதிதாக நேர்ந்த மாற்றம். ஆக, மாற்றம் கருவுற்ற கணத்திலேயே அமைந்துவிடுகிறது. கிரகணம் அதற்குப் பல நாள்களுக்குப் பின் வந்தது. அரிவாள்மனை எந்தக் குழந்தையின் மரபணுவையும் எட்டாது.

இதை எல்லாம் அவ்வீட்டாருக்கு எளிய சொற்களில் விளக்கினேன். பழி நீங்கியது என்ற மனநிறைவோடு எழுந்தேன். அப்போது குழந்தையின் பாட்டி கேட்டார்: "அப்படின்னா சாமி, அந்தக் கெட்ட மரபணு யாரு பக்கத்துல இருந்து வந்துச்சு?"

நான் மீண்டும் உட்கார்ந்தேன். ஒரு மூடநம்பிக்கையை எடுத்துவிட்டு, அதே இடத்தில் ஓர் அறிவியல் சொல்லை வைத்திருந்தேன்; பழி சுமத்தும் மனமோ அசையவே இல்லை. யோவான் நற்செய்தியின் 9ஆம் அதிகாரத்தில், பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் கண்ட சீடர்கள் கேட்டதும் இதே கேள்விதானே? பாவம் செய்தவர் இவரா, இவருடைய பெற்றோரா என்று அவர்கள் கேட்டார்கள். இயேசு இரண்டையும் மறுத்தார். அவர்கள் குற்றவாளியைத் தேடிக்கொண்டிருந்தபோது, அவர் அந்த மனிதருக்கு அருகே சென்றார்.

பின்னர் பெற்றோரின் இரத்தம் சோதிக்கப்பட்டது. இருவரிடமும் அந்த மாற்றம் இல்லை. குழந்தையிடம் புதிதாக நேர்ந்ததுதான். செய்தி வந்த அன்று என் நெஞ்சிலிருந்து பெரும் பாரம் இறங்கியது. ஆனால் இரவில் அந்த நிம்மதியே என்னை உறுத்தியது. மாற்றம் அந்தத் தாயிடம் இருந்திருந்தால்? அப்போது என் வாதம் எங்கே நின்றிருக்கும்? ஒரு சோதனை முடிவின் தயவில்தானா அவளுடைய மாசின்மையை நான் நிலைநாட்டினேன்?

குருமடத்தில் கற்ற பாடம் ஒன்று அப்போது புதிதாகப் புரிந்தது. தீமை என்பது இருக்க வேண்டிய நன்மையின் இன்மை என்பர் மறைவல்லுநர். கல்லுக்குப் பார்வை இல்லாதது குறையன்று. பார்க்கப் பிறந்த உயிருக்கு அது குறை என்று புனித அக்குவினா தோமா விளக்குகிறார். ஆனால் குற்றம் என்பது வேறு. அது மனத்தின் விருப்பத்திலிருந்து எழுவது. முழு அறிவும் முழு சம்மதமும் இல்லாத இடத்தில் சாவான பாவம் இல்லை என்று சிறுவருக்குக்கூடக் கற்பிக்கிறோம். ஒரு தாய் தன் இரு படிகளுள் எதைத் தன் குழந்தைக்குக் கொடுப்பது என்று தேர்ந்தெடுக்கிறாளா? பழுதான படி அவளிடம் இருந்தால், ஒவ்வொரு மகப்பேற்றிலும் அது செல்ல வாய்ப்பு இரண்டில் ஒன்று. அங்கே காரணம் உண்டு, குற்றம் இல்லை. காரணத்தைத் தேடுவது அறிவின் பணி. காரணம் கிடைத்த இடத்திலெல்லாம் குற்றவாளியை நிறுத்துவது அநீதி.

அப்படியானால் காரணத்தை அறிவதால் பயன் என்ன? பயன் உண்டு, அது குழந்தையைச் சேர வேண்டிய பயன். இக்குழந்தைகளுக்குக் கண்ணழுத்த நோயும் கண்புரையும் வரக்கூடும். ஆகவே இடைவிடாத பரிசோதனை தேவை. சிலருக்கு அந்த மரபணுவோடு அருகிலுள்ள மற்றொரு மரபணுவும் விடுபட்டிருக்கும். அவர்களுக்குச் சிறுநீரகத்தில் புற்றுக்கட்டி வரும் ஆபத்து உண்டு. அதை முன்னரே அறிந்தால் காக்கலாம். யாரைப் பழிப்பது என்று கேட்டவர்களின் வீட்டில் இவை தாமதமாகும். பழி பயந்த தாய் குழந்தையை வெளியே எடுத்துச் செல்லவும் கூசுவாள். தீர்ப்பிடும் நாவு குழந்தையின் எஞ்சிய பார்வையையும் பறிக்கக்கூடும் என்பதை எத்தனை பேர் எண்ணிப் பார்க்கிறோம்?

நம்முடைய தெளிந்த பார்வையும் நாம் ஈட்டியதன்று. 180 எழுத்துகள் கொண்ட ஒரு பகுதி பிழையின்றி அமைந்ததாலும், புரதத்தின் அளவு குறையாததாலும் கிடைத்தது. இன்னொருவருக்கு அது அவ்வாறு அமையவில்லை. பெற்றவர் பெருமை கொள்ளவோ, பெறாதவர் நாணவோ இதில் இடமில்லை.

குழந்தைக்கு இப்போது கறுப்புக் கண்ணாடி உண்டு. கோவிலில் சன்னலோரம் உட்கார்ந்தால் கண் கூசுகிறது என்பதால், நடுத்தூணின் நிழலில் அந்தக் குடும்பத்திற்கு இடம் ஒதுக்கியிருக்கிறோம். ஞாயிறுதோறும் அந்த இடத்தை முதலில் வந்து பிடித்து வைப்பவர், அன்று என்னிடம் கேள்வி கேட்ட அதே பாட்டிதான். யாரு பக்கம் என்று அவர் இப்போது கேட்பதில்லை. குழந்தையைத் தம் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்கிறார்.