மணலின் தகுதியும் மீனின் நன்மையும்

கடல்நீர் மீன்தொட்டியின் அடியில் எந்த மணலை இடுவது என்னும் வினா பெரும்பாலும் வேதியியலைச் சார்ந்த ஒன்றாகவே கருதப்படுகிறது. விற்பனைக்கு வரும் மணல்களுள் முதன்மையானது அரகோனைட். பவளம், சிப்பி, சுண்ணாம்பு படியும் பாசி ஆகியவற்றின் எச்சமாகவோ, பஹாமாஸ் போன்ற ஆழமற்ற வெப்பக் கடல்களில் நீரிலிருந்தே படிந்து திரண்ட உருண்டை மணிகளாகவோ கிடைக்கும் கால்சியம் கார்பனேட்டின் ஒரு படிக வடிவம் அது. மற்றொன்று பாறை சிதைந்து உண்டான குவார்ட்ஸ், அதாவது சிலிக்கா மணல். முன்னது நீரின் காரத்தன்மையைக் காக்கும் என்றும், பின்னது சிலிக்காவைக் கரையவிட்டு டயாட்டம் என்னும் பழுப்புநிற நுண்பாசியைப் பெருக்கும் என்றும் கூறுவது வழக்கம். இரண்டு கூற்றுகளும் மிகைப்படுத்தப்பட்டவை. பி.எச். அளவு 8.1 முதல் 8.4 வரை உள்ள கடல்நீரில் அரகோனைட் ஏற்கெனவே மிகைநிறைவுற்றிருப்பதால், நுண்ணுயிர்களின் சுவாசத்தால் அமிலத்தன்மை கூடும் அடிப்படுகையில் அன்றி வேறெங்கும் அம்மணல் குறிப்பிடத்தக்க அளவு கரைவதில்லை. குவார்ட்ஸ் கரையும் வேகமோ அற்பத்திலும் அற்பம்.

வேதியியல் இவ்வாறு பாதி வழியில் நின்றுவிட, தேர்வை முடிவுசெய்யும் பொறுப்பு அத்தொட்டியில் வாழவிருக்கும் உயிர்களிடம் செல்கிறது. ஹாலிகோரஸ் பேரினத்து ராஸ் மீன்கள் இரவில் மணலுக்குள் புதைந்து உறங்குபவை. கூரிய பவளச் சரளை அவற்றின் உடலைக் கிழித்துவிடும் என்பதால் அவற்றுக்கு நுண்மணல் வேண்டும். வாலென்சியென்னியா பேரினத்துக் கோபி மீன் மணலை வாய் நிறைய அள்ளி, அதிலுள்ள சிற்றுயிர்களை உண்டு, எஞ்சியதைச் செவுள் வழியே உதிர்ப்பது. அதற்கும் நுண்மணலே ஏற்றது. ஆயின், செங்குத்தான வளை தோண்டி அதன் சுவரைக் கல்லும் சிப்பித் துண்டும் கொண்டு கட்டும் தாடைமீனுக்கு வெறும் நுண்மணல் இடிந்துவிழும் வீடாகும். அது பருமனும் நுண்மையும் கலந்த ஆழமான படுகையை நாடுகிறது. இவற்றின் கீழே, ஆக்சிஜன் எட்டாத ஆழத்தில் நைட்ரேட்டை நைட்ரஜன் வளியாக மாற்றும் நுண்ணுயிர்களுக்கு, மீனைக் கொன்றுவிடக்கூடிய அந்த மூச்சற்ற இருட்டே வாழிடம்.

மெய்யியல் இவ்வினாவைச் சந்திக்கும் இடம் இதுதான். கி.மு. 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சீன ஞானி ஜுவாங்சியின் பெயரால் வழங்கும் நூலின் 2-ஆம் அத்தியாயம், ஈரநிலத்தில் உறங்கும் மனிதன் இடுப்பு நோய் கொள்வதையும், சேற்று மீன் அவ்வாறு நோயுறாததையும், மரக்கிளையில் மனிதன் நடுங்க, குரங்கு நடுங்காததையும் காட்டி, இம்மூன்றில் சரியான வாழிடத்தை அறிந்தது எது என வினவுகிறது. அதே நூலின் 17-ஆம் அத்தியாயத்தில் ஹாவ் ஆற்றுப் பாலத்தின் மேல் நின்ற ஜுவாங்சி நீந்தும் மீன்களின் மகிழ்ச்சியைச் சுட்ட, அவருடைய நண்பரும் தருக்கவாதியுமான ஹுய் ஷி, மீனல்லாத ஒருவர் மீனின் மகிழ்ச்சியை அறிவது எவ்வாறு என்று மடக்குகிறார். ஆற்றின் மேல் நின்றே அதை அறிந்ததாக ஜுவாங்சி விடை கூறுகிறார். இவ்விடையைச் சொல் விளையாட்டென ஒதுக்கியோர் உண்டு. அறிவு எப்போதும் ஓரிடத்தில் நின்று பெறப்படுவது என்னும் கருத்து அதில் இருப்பதால், அவ்வளவு எளிதில் அதை ஒதுக்க இயலாது.

எனினும் மீன்தொட்டி அவ்விடையைத் திருத்துகிறது. பாலத்தின் கீழுள்ள மீன் விலகிப் போகலாம். கண்ணாடிக்குள் இருப்பதற்கு அந்த உரிமை இல்லை. கண்ணாடியை ஒட்டி மேலும் கீழுமாக ஓயாமல் நீந்தும் மீனைக் காண்பவர் அதனைத் துள்ளல் என்று எண்ணக்கூடும். மீன் வளர்ப்போரோ அதை மன அழுத்தத்தின் அடையாளமாகக் கொள்கின்றனர். ஆகவே பார்வை மட்டும் போதுமான சான்றாவதில்லை. தெரிவு தரப்பட்ட மீன் எதனை நாடுகிறது, அதன் வாயும் தோலும் சில மாதங்களில் எவ்வாறு ஆகின்றன என்பவையே மனத்துள் புகாமலே மற்றோர் உயிரின் நன்மையை அறியத்தரும் சான்றுகள். ஹுய் ஷியின் ஐயம் இதனால் முற்றும் தீர்வதில்லை. மீன் எதை உணர்கிறது என்பது மறைவாகவே இருந்தும், அதற்கு எது கேடு என்பது வெளிப்பட்டுவிடுகிறது.

மணலையும் வெறும் பொருளென விடாத மரபுகள் உண்டு. தொல்காப்பிய மரபியல் புல்லையும் மரத்தையும் ஓரறிவாகவும், நந்தையும் முரளையும், அதாவது நத்தை, சிப்பி வகைகளை, ஈரறிவாகவும் வகுப்பதால், அதன் கணக்கில் குவார்ட்ஸ் உயிர்வரிசைக்குப் புறம்பானது; அரகோனைட்டின் பெரும்பகுதியோ உயிர்களின் உடல் எச்சம். சமணம் இன்னும் கீழே இறங்குகிறது. உத்தராத்தியயன சூத்திரத்தின் 36-ஆம் அத்தியாயம் மண், பாறை ஆகியவற்றோடு மணலையும் நிலவுடல் கொண்ட ஓரறிவுயிர்களுள் சேர்க்கிறது. உயிருள்ள நிலை சசித்தம் என்றும், வெப்பம் முதலியவற்றால் உயிர் நீங்கிய நிலை அசித்தம் என்றும் சமணர் வேறுபடுத்துவர். இவ்வேறுபாட்டை அப்படியே ஏற்காதவரும், சூளையில் உலர்த்திய மணலும், புழுக்களும் நுண்ணிய ஓட்டுயிர்களும் ஊர்ந்துகொண்டிருக்கையிலேயே கடலிலிருந்து அள்ளப்படும் 'உயிர்மணலும்' அறநோக்கில் ஒன்றல்ல என்பதை மறுக்கமாட்டார். மணலுக்கு மூலமான பவளத்துக்கும் இவ்வறநோக்கு பொருந்தும்: மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பவளப்பாறைகள் வெட்டப்பட்டதன் இழப்பு நாடறிந்தது. 2001-இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன.

இவ்வாறு நோக்குகையில், ராஸ், கோபி, தாடைமீன் மூன்றையும் ஒரே தொட்டியில் வைக்க விழைபவர் நடுத்தரப் பருமனுள்ள மணலைத் தேடிச் சமரசம் செய்வது, எவருக்கும் முழுதும் பொருந்தாத ஒன்றை எல்லார்க்கும் தருவதாகவே முடியும். மணலற்ற தொட்டியின் மூலையில் ராஸ் உறங்குவதற்கென நுண்மணல் நிரப்பிய கிண்ணம் ஒன்றை வைக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு; அழகு கெடுவதாகப் பிறர் குறைகூறும் அந்த ஏற்பாடு, மீனின் தேவைக்கே முதலிடம் தருவதால், நேர்மையில் உயர்ந்தது. அதுவும் இயலாத இடத்தில் விலக்கவேண்டியது மணலையன்று, வாங்க எண்ணிய மீனை.