வேடமும் வெட்கமும்

பொய்யாகப் பூண்ட வேடம் ஒருவனை மெய்யானவனாக்க வல்லதா? துறவு நெறியில் நிற்போர் தவிர்க்கவியலாத இக்கேள்வியை, மைசூரில் வாழ்ந்த நகைச்சுவை எழுத்தாளர் ஒருவர் தம் இரு நாவல்களில் எழுப்பியுள்ளார். அவர் ஆர்.கே. நாராயண் (1906-2001). சென்னையில் பிறந்த அவர், தந்தையார் தலைமையாசிரியராகப் பணியாற்றிய மைசூரில் மகாராஜா கல்லூரியில் பயின்றார்.

1937-இல் வெளிவந்த 'பேச்சலர் ஆஃப் ஆர்ட்ஸ்' நாவலின் நாயகன் சந்திரன், ஆற்றங்கரையில் கண்ட பெண்ணிடம் மனத்தைப் பறிகொடுக்கிறான். ஜாதகம் பொருந்தவில்லை. அவ்வளவுதான், தலையை மழித்துக் காவி கட்டிவிடுகிறான்! உலகின்மீது கொண்ட கோபத்தை வைராக்கியம் என்று எண்ணிக்கொள்வது இளைஞர்க்கு எளிது. முதியோர்க்கும் அது அரிதன்று. ஆனால் ஏழைக் கிராமத்தார் காணிக்கைகளோடு வந்து வணங்கியபோது அவன் உள்ளம் கூசியது. இவர்களை ஏமாற்றி உண்கிறோமே என்று வெட்கி வீடு திரும்பினான். காதலே மயக்கம் என்று பின்னர் முடிவுகட்டிய அவனே, பெற்றோர் பார்த்த பெண்ணைக் கண்டதும் மீண்டும் காதல் வயப்பட்டான் என்பது வேறு கதை.

1958-இல் வந்த 'தி கைடு' நாவலின் ராஜு இவ்வளவு எளிதில் கூசுபவன் அல்லன். நடனமணி ரோஸியிடம் அவன் கொண்ட காதலில் உடைமை வேட்கையும் பண ஆசையும் கலந்திருந்தன. அவளது கையெழுத்தைப் பொய்யாக இட்டுச் சிறை சென்றான். விடுதலையாகி ஆற்றங்கரைக் கோயிலில் அமர்ந்தவனை வேலன் என்னும் கிராமத்தான் மகான் என்று கருத, வேளைதோறும் உணவு வந்தது. சோறு கிடைத்தவரை வேடம் சுகமாகவே இருந்தது. பஞ்சம் வந்தபோது, அவன் சொன்ன ஒரு சொல் திரிந்து, மழைக்காக அவன் உண்ணாநோன்பு இருப்பான் என்று ஊரில் பரவியது. தப்ப வழியின்றித் தன் கதை முழுவதையும் வேலனிடம் ஒப்புக்கொண்டான். வேலனோ அதன் பின்னும் 'சுவாமி' என்றே அழைத்தான்.

இவ்விடத்தில்தான் வேடம் வேடதாரியைப் பற்றிக்கொள்கிறது. பணமும் காதலும் நோக்கமாக இல்லாத ஒரு செயலில் வாழ்நாளில் முதன்முறையாக அவன் மனம் முழுமையாக ஈடுபடுகிறது. இதைக் கொண்டு 'முதலில் நடி, பிறகு தானே ஆவாய்' என்று விதி வகுத்துவிடலாகாது. ஆயுள் முழுவதும் நடித்தும் எதுவும் ஆகாதோர் ஏராளம். ராஜுவை மாற்றியது காவியன்று. உண்மையைச் சொன்ன பிறகும் விலகாத பிறரது நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்குக் கடன்பட்டவனானான் அவன். சந்திரனோ அக்கடனைத் தாங்கமாட்டாமல் காவியைக் களைந்தான். இரண்டுமே நேர்மைதான். கடனை உணராமல் காணிக்கையை மட்டும் எண்ணிக்கொண்டிருப்பதே போலித்தனம்.

மைசூரில் ஒரு வறட்சியின்போது அந்தணர்கள் காவிரிப் படுகையில் முழங்கால் அளவு நீரில் நின்று, உண்ணாமல் பதினொரு நாள் ஜபித்தனர் என்றும், பன்னிரண்டாம் நாள் மழை பெய்தது என்றும் நாராயண் எழுதியுள்ளார். நாவலுக்கு வித்து அதுவே. எனினும் கதையில் அவர் அம்மழையைப் பொழியவிடவில்லை. குன்றுகளில் மழை பெய்வதை உணர்வதாகச் சொல்லி ராஜு சாய்கிறான்; பெய்ததா என்று நாவல் உரைப்பதில்லை. 1965-இல் வந்த இந்தித் திரைப்படத்தில் மட்டும் மழை கொட்டித் தீர்த்தது.