கணக்கின் எல்லையும் அறத்தின் எல்லையும்

ஒருவர் தம் வீட்டு முற்றத்தை நாள்தோறும் கூட்டிப் பெருக்கித் தூய்மையாக வைத்திருக்கிறார். ஆனால், அவர் பிழைப்புக்காகச் செய்யும் தொழிலோ ஊர்க் குளத்தை மாசுபடுத்துகிறது. அவரைத் தூய்மை பேணுபவர் எனப் போற்றுவதா? போலி எனத் தூற்றுவதா? எளிதில் விடை காண இயலாத இவ்வினா, இன்று ஒரு துறைமுகத்தின் வடிவில் நம்முன் நிற்கிறது.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், ஹண்டர் ஆறு கடலோடு கலக்குமிடத்தில் அமைந்துள்ளது நியூகாசல் துறைமுகம். 1799ஆம் ஆண்டிலேயே அங்கிருந்து வங்காளத்திற்கு நிலக்கரி கப்பலேறியது. இன்று உலகின் மிகப் பெரிய நிலக்கரி ஏற்றுமதித் துறைமுகம் எனப் பெயர் பெற்றுள்ள அதன் வழியே, ஆண்டுதோறும் 10 கோடி டன்னுக்கும் மேற்பட்ட கரி கடல் கடக்கின்றது.

இத்துறைமுகத்தை நடத்தும் நிறுவனம், தன் மின்தேவை முழுவதையும் 2022 சனவரி முதல் புதுப்பிக்கத்தக்க ஆற்றலைக் கொண்டே நிறைவு செய்வதென ஒப்பந்தம் செய்துகொண்டது. உள்நாட்டில் டப்போ நகருக்கு அருகிலுள்ள போடங்கோரா காற்றாலைப் பண்ணையோடு அவ்வொப்பந்தம் பிணைக்கப்பட்டது. காற்றாலையின் மின்சாரம் தனிக் கம்பி வழியே துறைமுகத்தை அடைவதில்லை. பல வாய்க்கால்களின் நீர் ஓர் ஏரியில் கலப்பதுபோல, எல்லா நிலையங்களின் மின்சாரமும் பொதுக் கம்பிகளில் கலந்துவிடுகிறது. ஆகவே, காற்றாலை ஈனும் ஒவ்வோர் 1,000 அலகு மின்சாரத்திற்கும் ஒரு சான்றிதழ் வழங்கப்படுகிறது. அதனை விலை கொடுத்துப் பெற்று, வேறெவரும் உரிமை கோராவண்ணம் ஒப்படைத்துவிட்டால், அத்தூய்மை வாங்கியவர் கணக்கில் சேரும்.

இது வெறும் தாள் வாணிகமன்றோ என்பர் சிலர். அக்காற்றாலை, ஒப்பந்தத்திற்கு முன்பே சுழன்றுகொண்டிருந்தது என்பதும் உண்மையே. ஆயினும், வாங்குவார் உண்டு என்னும் உறுதி இருந்தாலன்றி, அடுத்த காற்றாலையை எழுப்ப எவரும் முதல் இடார். ஆதலின், இச்செயலைப் பயனற்றது என ஒதுக்கிவிட இயலாது.

உண்மையான சிக்கல் வேறோரிடத்தில் உள்ளது. அந்நிறுவனம் தன் விளக்குகளுக்கும் அலுவலகங்களுக்கும் பயன்படுத்தும் மின்சாரத்தைத் தூய்மையாக்கிக்கொண்டது. ஆனால், துறைமுகத்தின் வழியே செல்லும் கரி, ஒரு டன் எரிந்தால் இரண்டு டன்னுக்கும் மிகுதியான கரியமிலவாயுவை வெளியிடும். அப்புகை எந்த மின்கட்டணச் சீட்டிலும் தோன்றாது. தோண்டுபவர் ஒருவர், கப்பலேற்றுபவர் ஒருவர், எரிப்பவர் மற்றொருவர். தொழில் பலர் கையில் பிரியப் பிரிய, பொறுப்பும் கரைந்து போகின்றது. ஒவ்வொருவர் கணக்கும் சரியாகவே இருக்கிறது. உலகின் வெப்பம் மட்டும் ஏறிக்கொண்டிருக்கிறது.

கணக்குக்கு எல்லை வேண்டும். எல்லையின்றேல் கணக்கே இல்லை. ஆனால், கணக்கின் எல்லையே அறத்தின் எல்லையும் ஆகிவிடுமா? திருக்குறளின் புலான் மறுத்தல் அதிகாரத்தில் வள்ளுவர் இவ்வினாவைத் தொட்டுள்ளார். உண்பதற்காகக் கொல்வார் இல்லையெனில், விலைக்கு ஊன் விற்பாரும் இரார் என்பது அவர் கருத்து. கொன்றவன் நானல்லேன் என்று கூறி, ஊனை விரும்புவோன் ஒதுங்கிக்கொள்ள அவர் இடந்தரவில்லை. வேண்டுதலே விற்பனையை உண்டாக்குகிறது என்று காட்டுகிறார்.

இவ்வளவுகோலை எடுத்தால், அது துறைமுகத்தோடு நிற்பதில்லை. நம் வாயிலுக்கும் வருகிறது. மலேசியாவின் மின்னுற்பத்தியில் பெரும்பங்கு நிலக்கரியால் நடைபெறுகிறது. அக்கரியில் ஒரு பகுதி ஆஸ்திரேலியாவிலிருந்து வருவதாகும். சிங்கப்பூரின் மின்சாரமோ பெரிதும் இயற்கை எரிவாயுவால் ஆவது. நம் வகுப்பறையில் சுழலும் மின்விசிறிக்கும் எங்கோ எழும் புகைக்கும் தொடர்புண்டு. விற்பவரை மட்டும் பசுத்தோல் போர்த்திய புலி என இகழ்ந்துவிட்டு, வாங்கும் நாம் கைகழுவிக்கொள்ளல் நேர்மையாகாது. ஹண்டர் பள்ளத்தாக்கில் கரியை நம்பி வாழும் தொழிலாளர் குடும்பங்களையும் மறத்தலாகாது. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, பிழைப்பிழந்தோர் பட்ட பாட்டை அறிந்த நமக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

அவ்வாறாயின், முற்றத்தைக் கூட்டியவரைப் பற்றி என்ன கூறுவது? கூட்டியது நற்செயலே. குளத்தைக் காக்கும் எண்ணத்தின் தொடக்கமாக அது அமையுமாயின் போற்றத்தக்கது. குளத்தைப் பற்றிக் கேட்பவரிடம் முற்றத்தைக் காட்டி வாயடைக்கப் பயன்படுமாயின், அதே செயல் பொய்யாகிவிடும். நிலக்கரியை மட்டுமே நம்பியிராமல் பிற வாணிகங்களாலும் வருவாய் பெருக்க விழைவதாக அந்நிறுவனம் அறிவித்துள்ளது. அச்சொல் எவ்வளவு விரைவில் செயலாகிறது என்பதே அதன் காற்றாலை ஒப்பந்தத்திற்கும் உண்மையான உரைகல்லாகும்.

விலை கொடுத்து அறத்தை வாங்க முடியுமா என மாணவர் வினவினால், அறத்தின் முதற்படியை வாங்கலாம் என ஆசிரியர் விடை பகரலாம். அடுத்த படிகளை ஏறித்தான் ஆக வேண்டும். ஏறவேண்டியவர் வரிசையில் நாமும் நிற்கிறோம்.