கை படாத மெட்டுகள்

கிட்டாரின் கழுத்து மரப்பெட்டியோடு பொருந்தும் இடம் பெரும்பாலும் 12ஆம் மெட்டாகவோ 14ஆம் மெட்டாகவோ இருக்கும். மெட்டுகள் அங்கே நின்றுவிடுவதில்லை. பெட்டியின்மீது ஏறி, ஒலித்துளையின் விளிம்புவரை சென்று, பெரும்பாலும் 19 அல்லது 20 என முடிகின்றன. பெட்டியின் தோள் மறிப்பதால் அவ்விடத்தை விரல் எட்டுதல் அரிது. எட்டினாலும் இடைவெளி போதாது; எஞ்சிய தந்தி நீளத்தில் ஏறத்தாழப் பதினெட்டில் ஒரு பங்கு தள்ளியே அடுத்த மெட்டு அமைவதால், ஏற ஏற அவை நெருங்கிவிடுகின்றன. வாழ்நாள் முழுதும் வாசித்தும் அவற்றைத் தொடாதார் உளர். பயன்படாதவற்றைப் பொருத்துவானேன்?

இவ்வினாவுக்கு விடை தேட வேற்றுநாட்டுக் கருவியிடம் செல்ல வேண்டுவதில்லை. சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகம் 1949இல் தோன்றியது. அங்கு வீணையும் கற்பிக்கப்படுகிறது. வீணைக்கு மெட்டுகள் 24. வாசிப்புத் தந்திகள் நான்கு. தஞ்சை இரகுநாத நாயக்கர் காலத்தில், 17ஆம் நூற்றாண்டில், இவ்வமைப்பு நிலைபெற்றதென்பர். மெட்டைத் தொடாது மீட்டும் நிலையையும் சேர்த்தால், விரலுக்குரிய இடங்கள் 100. அவற்றில் பிறக்கும் சுரத்தானங்களோ 42தாம். எஞ்சிய 58 இடங்களும் கூறியது கூறலே! நூலுக்குக் குற்றமாக இலக்கணிகள் விலக்கியதை வீணை அணியாகப் பூண்டிருக்கிறது. முதல் தந்தியின் உச்சநிலைக்கென இட்ட பித்தளை மெட்டு நான்காம் தந்தியின் அடியிலும் நீண்டு கிடக்கிறது. அங்கே அதனைத் தொடுவார் அரியர். ஆயினும் அப்பகுதியை மட்டும் வெட்டியெறிய எவரும் முனைந்ததில்லை.

இஃது ஆபத்துக்கெனச் சேமித்துவைத்தல் அன்று. 1998 முதல் சிங்கப்பூரில் எழுந்த புதிய வீடுகளில் உள்ள காப்பறை அவ்வகையைச் சார்ந்தது. அதன் தேவை வராதிருப்பதே நன்று. மெட்டின் நிலை வேறு. அது ஒரு விதியின் விளைவு. விதியை ஏற்றால் அதன் விளைவுகள் முழுவதையும் ஏற்றல் வேண்டும்.

தமிழ் நெடுங்கணக்கும் அத்தகையதே. உயிர் 12, மெய் 18. இரண்டும் உறழ உயிர்மெய் 216. ஆய்தமும் கூட 247. ஙகர வரிசையில் ங ஒன்றை ஒழித்தால், ஏனைய பதினொன்றுக்கும் நம் சொற்களில் இடம் இல்லையென்றே கூறலாம். தொல்காப்பியம் ஙகரத்தை மொழிமுதலாக ஏற்கவில்லை. அங்ஙனம், இங்ஙனம் போல்வனவற்றை முன்னிட்டு நன்னூல் சிறிது இடம் அளித்தது. ஆத்திசூடியில் ஔவையார் ஙகரத்தை உவமையாக்கினார். பயன்படும் ஓரெழுத்து பயன்படாத தன் இனத்தைத் தழுவிக் காப்பதுபோல, மனிதனும் சுற்றத்தைக் காக்க வேண்டும் என்று அதற்குப் பொருள் உரைப்பர். அறம் அழகியதே. எனினும், பயன்படுவோனின் தயவால் பிறர் வாழ்கின்றனர் என்னும் குறிப்பு அதில் சற்றே உறுத்துகிறது. அப்பதினொன்றும் தயவால் நிற்பன அல்ல. அவற்றை நீக்கினால் பட்டியல் சுருங்கும், விதி நீளும். உயிரும் மெய்யும் சேர உயிர்மெய் பிறக்கும் என்று ஒரே தொடரில் கற்கும் மாணவன், பின்னர் விலக்குகளையும் மனனம் செய்ய நேரும்.

மாற்றமே கூடாதென்பது இதன் பொருளன்று. 1978இல் தமிழக அரசு ணா, றா, னா, லை முதலிய எழுத்துகளின் வடிவைச் சீர்திருத்தியது. சிங்கப்பூரும் பின்னர் அதனை ஏற்றது. கற்பார் சுமை குறைந்தது. ஆயின் ஐ, ஔ ஆகிய இரண்டையும் அய், அவ் என எழுதலாம் என்று பெரியார் முன்மொழிந்ததை அவ்வாணை ஏற்கவில்லை. ஏற்றிருப்பின் ஔவையின் பெயரே முதலில் எழுத்தை இழந்திருக்கும். வடிவைத் திருத்துதல் சுமையை இறக்குதல். எழுத்தை நீக்குதலோ வழியை அடைத்தல்.

புழக்கத்தின் அளவே இருப்புக்கு உரிமை என்பார், இந்நாட்டில் அதனை எண்ணிப் பேசுதல் நன்று. 2020ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி, ஐந்து வயதும் அதற்கு மேலும் உடைய குடியிருப்பாளருள் வீட்டில் மிகுதியும் தமிழ் பேசுவோர் 2.5 விழுக்காட்டினரே. ஆயினும் சிங்கப்பூர் என்னும் பெயர் இங்குள்ள நாணயங்களில் நான்கு மொழிகளிலும் பொறிக்கப்பட்டுள்ளது.

ஆர்ச்சர்ட் சாலையில் நிற்கும் பெரிய வணிக மாளிகையின் பெயரைத் தமிழில் பெரும்பாலும் நீ ஆன் என்றே எழுதுகின்றனர். தியோச்சியூ மக்கள் வாயில் அப்பெயர் ஙகர ஒலியோடு தொடங்குவது. அவ்வொலியை எழுதப் பிற எழுத்துமுறைகள் பல இரண்டெழுத்துகளைக் கூட்டித் தடுமாற, தமிழிடம் ஒற்றை எழுத்தாக ஙீ ஆயத்தமாக இருக்கிறது. நெடுங்கணக்கில் அதற்குரிய கட்டத்தை மாணவர்கள் ஆண்டுதோறும் எழுதிக் கடக்கின்றனர்.