தியாகம் என்னும் சாக்கு

தன்னை அழித்துக்கொண்டு பிறர் பிள்ளைகளைக் காக்கும் ஆசிரியரைப் புகழலாமா? 2025இல் நெட்ஃபிளிக்ஸில் வெளியான ‘ஸ்டீவ்’ படம் இந்தக் கேள்வியை விடாமல் எழுப்புகிறது. மேக்ஸ் போர்ட்டர் தம்முடைய ‘ஷை’ நாவலுக்குத் தாமே திரைக்கதை எழுத, டிம் மிலான்ட்ஸ் இயக்கிய படம். களம் 1996ஆம் ஆண்டு இங்கிலாந்து. வேறு எந்தப் பள்ளியும் வைத்துக்கொள்ள விரும்பாத பையன்கள் தங்கிப் படிக்கும் பள்ளி. கதை நடப்பது ஒரே நாளில்.

தலைமையாசிரியர் ஸ்டீவாக கிலியன் மர்ஃபி. கைகலப்பை விலக்குகிறார், வசவுகளை வாங்கிக்கொள்கிறார், திட்டிய பையனிடமே மறுபடி பரிவோடு போய் நிற்கிறார். மறைவில் மாத்திரையும் மதுவும் அவரைத் தின்றுகொண்டிருக்கின்றன. கட்டடம் கைமாறுகிறது, பள்ளியை மூடப்போகிறார்கள் என்ற செய்தியும் அன்றுதான் வருகிறது.

அன்றைய இங்கிலாந்தின் மனநிலையும் படத்தில் கலந்திருக்கிறது. 1993இல் லிவர்பூலில் பத்து வயதுச் சிறுவர் இருவர் இரண்டு வயதுக் குழந்தையைக் கொன்றார்கள். நாடே உறைந்துபோயிருந்த அந்த நேரத்தில் பிரதமர் ஜான் மேஜர், கண்டிப்பதைக் கூட்ட வேண்டும், புரிந்துகொள்வதைக் குறைக்க வேண்டும் என்ற பொருளில் பேசினார்.

அடங்கிப் படிக்கும் பிள்ளைக்குக் கிடைக்காத பணமும் கவனமும் அடிக்கும் பிள்ளைக்கு ஏன் என்று சிலர் கேட்பார்கள். கேட்பது நியாயம்தான். ஆனால் கைவிடப்பட்ட சிறுவன் காற்றில் கரைந்துவிடுவதில்லை. அவனுடைய கோபம் நாளை யார் மீதாவது விழும், அல்லது அவன் மீதே விழும். படத்தில் ஷை என்ற பையனை இனித் தொடர்புகொள்ளப் போவதில்லை என்று தாயே தொலைபேசியில் சொல்லிவிடுகிறார். அவன் பை நிறையக் கற்களோடு இருட்டில் குளத்தை நோக்கி நடக்கிறான். அவன் மேல் உண்மையான அன்பு கொண்ட ஆசிரியர்கள் அதே கூரையின் கீழ்தான் இருக்கிறார்கள்.

அன்பு அங்கே குறையவில்லை. ஆட்கள் குறைவு, உறக்கம் குறைவு, தளர்ந்துபோன ஆசிரியரைத் தாங்க யாருமில்லை. தன் நோயை மறைத்தது ஸ்டீவின் பிழை. பையன்களின் உயிர் அவர் பொறுப்பில் இருக்கும்போது அது சிறிய பிழையும் அல்ல. ஆனால் அவர் ஒருநாள் விழுந்தால் எல்லாம் விழும் என்ற நிலையில் பள்ளியை வைத்திருந்தவர்களின் பிழை அதைவிடப் பெரிது.

பையன்களுக்குப் பள்ளி அமைக்கும்போதே ஆசிரியருக்கு ஓய்வும் மாற்று ஆளும் மனநல உதவியும் சேர்த்து ஒதுக்க வேண்டும். அதைச் செய்யாத எந்த நிர்வாகத்துக்கும் அவரைத் தியாகி என்று அழைக்கும் உரிமை இல்லை.