ஆலங்காட்டிற் பேய்கள் இரண்டு

'நீலிக்கண்ணீர்' என்னுஞ் சொல்லை நம் மாணாக்கர் மரபுத்தொடர் வரிசையில் வைத்து மனனஞ் செய்கின்றனர். பொருள் வினாவினால் 'பொய்யழுகை' என்று உடனே விடையிறுப்பர். நீலி யார், எதன்பொருட்டு அழுதாள் என வினாவினாற் பெரும்பாலார் வாய்திறவார். பொய்யாக அழுதவள் முன்னொருகால் மெய்யாகவே அழுதவள் என்பதும், அவ்வழுகையைக் கேட்பார் ஒருவருமிலராயினமையாலே அவள் பேயாயினாள் என்பதும் அச்சொல்லினுள்ளே மறைந்து கிடக்கின்றன. கொலையுண்டவர் பொருட்டுப் பழிவாங்குதல் அறமாகுமா, பழிசெய்தவன் நெஞ்சிற் குடிகொண்ட குற்றவுணர்ச்சி எதனாற் றீரும் என்னும் இரு வினாக்களையும் ஆராயப் புகுவார்க்கு இக்கதையிற் சிறந்த கருவி தமிழில் வேறின்று என்பது என் துணிபு.

கதை பலவாறு வழங்கும். பெருவழக்காயது இது. காஞ்சிபுரத்து அந்தணனொருவன் வீட்டில் மனைவியிருப்பவும் காசிக்குச் சென்றவிடத்து வேறொருத்தியை மணந்தான். அவளோடு மீளும்போது, முதன்மனைவிக்கு யாது சொல்வேம் என்றஞ்சித் திருவாலங்காட்டு வழியில் அவளைக் கொன்றான். மறுபிறப்பில் அவன் வணிகனாய்ப் பிறந்தான். அவள் நீலியென்னும் பேயானாள். வணிகன் தன்னைக் காக்கும் பொருட்டு மந்திரித்த கத்தியொன்றைக் கைவிடாது திரிந்தான். அவன் பழையனூருக்கு வந்தபோது நீலி அவன் மனைவியின் உருக்கொண்டு, கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, வேளாளர் எழுபதின்மர் கூடியிருந்த அவையிற் புகுந்து அழுதாள். இவள் பேய், என் மனைவியல்லள் என்று அவன் அலறியதனை அவையத்தார் நம்பிற்றிலர். கத்தியை வாங்கிவைத்து இருவரையும் ஓரறையில் இருத்தி, உனக்குத் தீங்கு நேரின் யாம் எழுபதின்மரும் உயிர்விடுவேம் என்று உறுதி மொழிந்தனர். விடிந்தபோது வணிகன் பிணமாய்க் கிடந்தான். எழுபதின்மரும் தீக்குளித்தனர்.

இது பிற்காலத்தார் கட்டிய வெறுங்கதையெனத் தள்ளற்பாலதன்று. ஏழாம் நூற்றாண்டினராகிய திருஞானசம்பந்த சுவாமிகள் தம் திருவாலங்காட்டுத் திருப்பதிகத்திலேயே, வஞ்சித்து உயிர்கொண்ட ஒருத்தியைக் குறிப்பிட்டருளினார். ஆகவே இந்நிகழ்ச்சி பற்றிய செய்தி அவர் காலத்தே நாடறிந்ததாயிருந்தமை தெளிவு.

இனி நீலியின் கணக்கைப் பார்ப்போம். அவளுக்கு இழைக்கப்பட்டது ஒரு கொலை. அவள் ஈடுசெய்துகொண்டது ஒரு கொலையும், அதனோடு குற்றமற்றார் எழுபதின்மர் சாவும். கணக்கு நேராகவில்லை என்பது வெளிப்படை. அதனினும் ஆழமானதொன்றுண்டு. வணிகன் முற்பிறப்பை அறியான். தான் எதற்காகக் கொல்லப்படுகின்றான் என்பதை உணராமலே இறந்தான். கொலையுண்டவளுக்கு உரியதாயிருந்தது யாது? 'யான் செய்தேன், செய்தது பிழை' என்று கொன்றவன் தன் வாயாற் சொல்லும் சொல்லேயன்றோ! உயிரைப் பறித்தவளுக்கு அச்சொல் மட்டுங் கிடைத்திலது. அச்சந் தந்தாள், கழிவிரக்கந் தர அவளால் இயலவில்லை.

ஈண்டு ஒரு தடை எழும். முற்பிறப்பு நினைவின்றியே இருவினைப் பயனை நாமெல்லாம் நுகர்கின்றோம் என்பது நஞ் சித்தாந்தம். அங்ஙனமாயின் நீலி செய்ததற்கும் இறைவன் செய்வதற்கும் வேற்றுமை யாதெனின், கூறுதும். வினை சடமாகலின் தானே சென்று செய்தவனைப் பற்றாது. அறிவுடைய இறைவனே பற்றுவிப்பன். அவன் பற்றுவிப்பது மலநோய் தீர்க்கும் மருந்தாக. மருத்துவன் அறுப்பதும் கத்தியால், கள்வன் குத்துவதும் கத்தியால். மருத்துவன் நோயாளி உடம்பு முழுவதையும் அறிந்து அறுக்கின்றான். நீலி அறிந்தது தன் புண்ணொன்றையே. ஆதலால் 'அவன் வினைக்கு யான் கருவியாகின்றேன்' என்று ஒருவன் வாளெடுப்பானாயின், அவன் இறைவனுக்குரிய ஐந்தொழிலுள் தனக்கும் பங்கு கேட்கின்றான் என்க.

இக்காலத்து மாணாக்கர் பேய்க்கதைகளைப் புராணத்திற் கேட்பதினும் கைத்தொலைபேசித் திரையிற் பார்ப்பதே மிகுதி. 1990களின் பிற்பகுதியிற் சன் தொலைக்காட்சியில் 'மர்மதேசம்' என்னும் பொதுப்பெயரின்கீழ்ப் பல கதைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒளிபரப்பாயின. அவற்றுள் இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி, நாகா இயக்கிய 'விடாது கருப்பு' நம் வினாவையே பொருளாகக் கொண்டது. அக்காலம் வன்னியில் மின்சாரமில்லை. ஆதலின் யாம் அதனைக் கண்டது பன்னாட்கழித்தே. ஒரு கிராமத்தில் தீமை செய்வோரைக் காவற்றெய்வமாகிய கருப்பசாமி குதிரையேறி வந்து தண்டிப்பதாக ஊரார் நம்புவர். ஈற்றில் அத்தண்டனைகளுக்குப் பின்னே நின்றது தெய்வமன்று, மனம் பிளவுண்ட மனிதனொருவன் என்பது வெளிப்படும். தொலைக்காட்சியை இழித்துரைத்தல் நம்மனோர்க்கு எளிது. ஆயினும் இக்கதை ஒருண்மையை நன்கு காட்டிற்று: தெய்வத்தின் பெயராற் பழிதீர்ப்பவன் தன்னையே அறியாதவனாய் இருக்கக்கூடும்.

குற்றவுணர்ச்சியைப் பற்றிச் சில சொல்வேன். வரகுணபாண்டியன் வேட்டையாடி மீளுங்கால் வழியில் உறங்கிக்கிடந்த அந்தணனொருவன் அவன் குதிரைக் காலில் மிதியுண்டு இறந்தான். அரசன் கண்டிலன், கருதியுஞ் செய்திலன். எனினும் பிரமகத்தி அவனை விடாது தொடர்ந்தது. தானங்களாலும் அது நீங்காமையின், ஈற்றிற் றிருவிடைமருதூரிற் கிழக்கு வாயில்வழி அவன் உட்புக, பிரமகத்தி வாயிலிலே நின்றுவிட்டது. அரசன் மேலைவாயில்வழி வெளியேறினான். இன்றும் அத்தலத்துக் கிழக்கு வாயிலில் அவ்வுருவைக் காணலாம். வழிபடுவோர் புக்க வழியே மீளாமையும் அவ்வூர் வழக்கு. இங்கே கருதற்பாலது யாதெனின், பிரமகத்தி அழிந்ததாகக் கதை கூறவில்லை. அது வாயிலிற் காத்துக்கொண்டேயிருக்கின்றது. செய்தது செய்யாததாகிவிடாது; செய்தவன் வேறுவழியே நடக்கும் புதியவனாகின்றான். வணிகனோ தன்னச்சத்திற்குக் கத்தியை மருந்தாக்கினான். கத்தியை வாங்கிவைத்த அன்றே அம்மருந்து போயிற்று.

யான் கல்வி கற்றது கிறித்தவப் பாடசாலையில். ஆண்டு விவிலியத்துக் காயீன் கதையைப் பயிற்றுவித்தனர். உடன்பிறந்தானைக் கொன்ற காயீனைப் பிறர் கொல்லாதபடி கடவுளே அவன்மேல் ஓரடையாளம் இட்டார் என்னும் பகுதி என் சைவ நெஞ்சுக்கும் உவப்பாகவே இருந்தது. கி.மு. 458இல் ஏதென்சு நகரில் அரங்கேறிய எசுக்கிலசின் முந்நாடகத்திலும், தாயைக் கொன்ற ஒரெசுத்தீசைத் துரத்திய பழிப்பேய்கள் ஈற்றில் ஒரு நீதிமன்றத்தின்முன் நிறுத்தப்பட்டு, சினந் தணிந்து, அந்நகரிலேயே இடம்பெற்று நன்மைத் தெய்வங்களாகின்றன. பேயைத் துரத்திவிடாமல் அதற்கோர் இருக்கை தருதல் என்னும் இக்கருத்து நமக்குப் புதிதன்று. மதுரையை எரித்த கண்ணகி ஈழத்திற்கு வந்து பத்தாவதாகத் தங்கிய இடம் வற்றாப்பளை என்பது நம் வன்னியின் ஐதிகம். வைகாசிதோறும் அங்குக் கடல்நீரில் விளக்கெரித்துப் பொங்கலிடுவது அவள் வெம்மை தணிதற்கே. நாவலரவர்கள் கண்ணகி வழிபாட்டைச் சைவமாக ஏற்றாரல்லர் என்பதை யான் அறிவேன். அவ்வழக்கை ஈண்டு எழுப்பேன். எனக்கு வேண்டியது ஒன்றே. சிலம்பினுள்ளிருந்து மாணிக்கம் தெறித்தபோதே பாண்டியன் தன் குற்றத்தைத் தானே கூறித் தானே வீழ்ந்தான். நீலிக்குக் கிடையாத அச்சொல் கண்ணகிக்குக் கிடைத்துவிட்டது. அதற்குப்பின் எழுந்த தீ யாருக்காக?

அங்ஙனமாயின் கெட்டவர் வாளாவிருக்க, கெடுக்கப்பட்டவர் பொறுத்தே கிடக்கவேண்டுமோ எனின், அற்றன்று. சேக்கிழார் பெருமான் திருத்தொண்டர் வரலாறு தொடங்குமுன் மனுவேந்தன் வரலாற்றை வைத்தார். கன்றிழந்த பசு கொம்பால் அசைத்த ஆராய்ச்சிமணி அரண்மனைக்குக் கேட்டது. இதனையொத்ததொன்றை அநுராதபுரத்தையாண்ட தமிழரசனாகிய ஏலாரன்மேல் ஏற்றி மகாவமிசமும் கூறுகின்றது. பகையரசனென்று கருதியவன் நீதியை அந்நூலார் மறைத்திலர் என்பது வியக்கற்பாலது. பசு தானே சென்று அரசகுமாரனை முட்டவில்லை, மணியை அடித்தது. பழிவாங்குதற்கும் நீதிகேட்டற்கும் உள்ள வேற்றுமை இதுவே. காசியிலிருந்து வந்த அப்பெண்ணுக்கு ஆலங்காட்டுக் காட்டுவழியில் அடிக்க ஒரு மணி இருந்திலது. இருந்திருப்பின் நீலி என்றொரு பேய் இருந்திராது.

இதனை யான் ஏட்டளவில் எழுதவில்லை. 2009இல் முடிந்த போரிற் றம் உறவினரை இழந்தோரும், உறவினர் உளரோ இலரோ என அறியாதோரும் நம் துணுக்காய், மல்லாவிப் பகுதிகளிற் பலர். அவர்தம் மக்கள் நம் வகுப்பிலிருந்து, எம்மவரைக் கொன்றாரைக் கடவுள் தண்டிப்பாரா என்று கேட்கின்றனர். இதற்குச் சைவாசிரியர் சிலர் கூறும் விடை, எல்லாம் அவரவர் வினை என்பது. தன் மகனைத் தேடும் தாய்க்கு இவ்விடையைக் கூறுபவன் சித்தாந்தத்தை அறிந்தவனல்லன். அதனைக் கல்லாக்கி எறிபவன். வினைக்கொள்கை என் துன்பத்தை யான் தாங்குதற்கு உரியது. பிறர் துன்பத்திலிருந்து யான் விலகிக்கொள்ளுதற்கு உரியதன்று. வேறு சிலர் கூறும் விடை, காலம் வரும், அன்று பார்ப்போம் என்பது. அது பிள்ளையின் கையில் நீலியின் கள்ளிக்கொம்பைக் கொடுப்பதாகும். 2017ஆம் ஆண்டு பெப்ரவரி 20ஆந் தேதி கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றிலில் அமர்ந்த தாய்மார் கேட்டது எவர் உயிரையுமன்று. தம் பிள்ளைகளுக்கு என் நேர்ந்தது என்னும் விடையை. அது மணியோசை. அதனைக் கேட்டு விடையளித்தல் ஆள்வோர் கடன். அவ்வோசையை இரைச்சலென்று நம் மாணாக்கர் எண்ணாதபடி காத்தல் நம் கடன்.

பழையனூர் எழுபதின்மரைப் பற்றியும் கேட்பார் உளர். ஏமாற்றப்பட்டவர் குற்றவாளிகளாவரோ? ஆகார். ஆயினும் கத்தியை வாங்கிவைத்தவர் தாமே என்பதை அவர் மறந்திலர். அவர் தீப்பாய்ந்ததனை இக்காலத்து எவர்க்கும் முன்மாதிரியாகக் காட்டலாகாது; இதனை இளைஞர்முன் தெளிவாகவே சொல்லுதல் வேண்டும். அவர்பாற் கற்கவேண்டியது, நம் தீர்ப்பினால் ஒருவன் கெட்டபோது அத்தீர்ப்பு நம்முடையது என்று ஒத்துக்கொள்ளும் ஆண்மை. அஃது இன்று அவைகளில் அரிது.

இனி, அதே ஆலங்காட்டில் வேறொரு பேயும் உண்டு. காரைக்காற் புனிதவதியாரும் வணிகன் மனைவியே. பரமதத்தன் அவரை அஞ்சிக் கைவிட்டுப் பாண்டிநாடு சென்று வேறொருத்தியை மணந்தான். நீலிக்கிருந்த முறைப்பாட்டில் ஒரு பகுதி இவருக்கும் இருந்தது. கைவிடப்பட்ட பெண்ணின் வெறுமையை இருவரும் அறிவர். இருவரும் பேயுருக் கொண்டனர். ஒருத்தி பேயுருவைக் கணவனைத் தொடர்தற்குக் கொண்டாள். மற்றவர் கணவன்பொருட்டுத் தாங்கிய தசைப்பொதியை உதறிவிடுதற்குக் கொண்டார். கணவன் தன் மகளுக்குப் புனிதவதி என்றே பெயரிட்டுக் காலில் வீழ்ந்தபோதும் அம்மையார் அவனைச் சபித்திலர், வெகுண்டிலர். அவன்பொருட்டு ஒரு சொல்லுஞ் செலவிடாது இறைவனையே நோக்கி விண்ணப்பித்தார். பின்பு தலையால் நடந்து கயிலைகண்டு, இரத்தினசபையாகிய ஆலங்காட்டிற் கூத்தன் திருவடிக்கீழ் இருந்து பாடினார். அம்மையார் தலையால் நடந்த தலமென்று கருதி அதனை மிதிக்கச் சம்பந்த சுவாமிகளும் தயங்கினார் என்பது புராணம்.

காரைக்காலம்மையார் புராணத்தை நடத்தும் ஆசிரியர்கள் நீலி கதையையும் அதனையடுத்துச் சொல்லிப் பார்ப்பாராக. என் வகுப்பில் அவ்வாறு சொல்லிய நாளில் மாணாக்கியொருத்தி எழுந்து, "ஐயா, ஒரே காட்டிலிருந்தவர்கள், அம்மையார் நீலியைக் கண்டிருப்பாரோ? கண்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்?" என்று வினாவினாள். நூல்களில் அதற்கு விடை இல்லை. அடுத்த நாள் எழுதிக்கொண்டு வரும்படி வகுப்பார் எல்லார்க்கும் அதனையே வினாவாகக் கொடுத்தேன்.